உதவி: 4 ஜிபி ராம் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் சரிப்படுமா? (லைவ் பென்டிரைவில் வைஃபை இல்லை, டி டிரைவில் சேமிக்க முடியவில்லை)

கரிசல்:
வணக்கம். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று வருகிறது. வேலை என்று பார்த்தால் பிரவுசர், தமிழில் கடிதங்கள், பிள்ளைகளுக்குப் பைத்தான், எப்போதாவது பிரிண்ட். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் போனதே இல்லை. மாறினால் உண்மையில் என்ன பயன்? விண்டோஸும் கோப்புகளும் அழியாமல் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

விசைப்பலகை:
நீங்கள் சொன்ன வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். முதல் காரணம் பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கும். லினக்ஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்டின் 22 வரிசை, உபுண்டு 24.04 என்ற இன்னொரு வகையை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பணம் செலவில்லாமல் உங்கள் மெஷினுக்குச் சில வருட ஆயுள் கிடைக்கிறது.

அடுத்த காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மென்பொருள்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் மேனேஜர் என்ற ஒரே இடத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகின்றன. கிராக், கீஜென் என்று உரிமப் பூட்டை உடைக்கும் கோப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வைரஸ் நுழையும் பெரிய வாசல் அதுதான். சிஸ்டம், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே அப்டேட் மேனேஜர். பைத்தான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது, பிள்ளைகளுக்கு இது கடினம் என்ற கவலையே வேண்டாம்.

டாலி, போட்டோஷாப் இரண்டும் லினக்ஸுக்கு வருவதில்லை. அவை தினமும் வேண்டுமென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். வேர்ட் கோப்புகள் லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்பில் திறக்கும், ஆனால் அட்டவணை நிறைந்த பக்கங்களில் அமைப்பு சற்று நகரலாம்.

4 ஜிபிக்கு மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், கூடுதல் ராம் கேட்கும் சின்னமன் பதிப்பு வேண்டாம். அப்படியும் மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். ராம் வாங்கினால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் பொருந்தவே பொருந்தாது.

பொதிகை:
சோதிக்கும் வழி சொல்கிறேன். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் உள்ளது முழுதும் அழியும். மின்டின் இன்ஸ்டால் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியதும், கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இறங்கிய கோப்பால் இன்ஸ்டால் நடுவில் நிற்பது அடிக்கடி நடப்பது.

ரூஃபஸ் என்ற மென்பொருளால் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் முன் விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் "பயாஸ் மோட்" என்ன என்று பாருங்கள். அது யூஇஎஃப்ஐ என்றால் ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குவதும் (பூட்) அதே முறையில்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொன்றிலும் இருந்தால் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மெனு சரியாக வராது.

பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் நேரே பென்டிரைவிலிருந்து ஓடும். இதைத்தான் லைவ் என்பார்கள். டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை டிஸ்கில் தானாக எதுவும் மாறாது. சவுண்ட், வெப்கேம், வைஃபை, பிரிண்டர் நான்கையும் அப்போதே சோதித்துவிடுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மந்தமாகத்தான் இருக்கும். அந்த வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிரிண்டர் என்ன மாடல்? எச்பி என்றால் பெரும்பாலும் தானே அமைந்துவிடும். கேனன் எல்பிபி 2900 போன்றவை கேப்ட் என்ற தனி முறையில் இயங்குபவை. அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) உண்டு, ஆனால் கையால் அமைக்க வேண்டும். தொடக்கத்திலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கரிசல்:
பிரிண்டர் எச்பி, பிரிண்ட் வந்துவிட்டது. மிக்க நன்றி. வைஃபை பட்டியலே காட்டவில்லை. டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை, ரீட் ஒன்லி என்கிறது. சிஸ்டம் ரிப்போர்ட்ஸில் நெட்வொர்க் என்ற இடத்தில் பிசிஎம்43142 என்று இருக்கிறது.

பொதிகை:
டி டிரைவில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டத்தை முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு, ஒருமுறை ஷட்டவுன் செய்யுங்கள்.

வைஃபை சிப் பிராட்காம். அதன் டிரைவர் திறந்த மூலம் அல்ல, அதனால் தானாக ஏறாது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் உடனே இணையம் வரும். டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காமுக்குப் பரிந்துரைப்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை நிரந்தரமாக இன்ஸ்டால் செய்தபின் செய்வதே நல்லது, லைவில் போட்டது ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

விசைப்பலகை:
கூடவே ஒன்று. செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் அமைப்பு) ஆனில் இருந்தால் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதில் "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். சில நொடிகளில் அந்தத் திரை தானே போய்விடும். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் வைஃபை வராது.

இன்ஸ்டாலுக்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே ஒரு டிரைவை 60 ஜிபி சுருக்கி அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பிறகு இன்ஸ்டாலரில் "விண்டோஸுடன் சேர்த்து" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "டிஸ்க்கை அழி" என்ற வரியை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

கரிசல்:
இன்ஸ்டால் ஆகிவிட்டது, வைஃபையும் வந்துவிட்டது. இரண்டு சந்தேகம். விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையைச் சேர்த்தேன், எழுத்து வருகிறது, ஆனால் புள்ளி தானாக விழவில்லை.

விசைப்பலகை:
லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் கட்டளை தட்டும் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி மதிப்பை 1 ஆக்குங்கள்.

நீங்கள் சேர்த்தது வெறும் கீபோர்டு லேஅவுட். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து தரும், முந்தைய எழுத்தைப் பார்க்காது. முந்தைய எழுத்தைப் பார்த்துத் தானே புள்ளி வைக்கும் தமிழ்99 விதிக்கு உள்ளீட்டுப் பொறி என்ற தனி மென்பொருள் வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற பொறியை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் ப்ரிஃபரன்ஸில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99 இருக்கும். ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டும் ஃபொனெட்டிக்கும் அங்கேயே உண்டு.

பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அதே எழுத்துருவை நிறுவினால் போதும். ஆனால் தேடவும் பகிரவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.