ஓப்பனிங் புக்கை மாத்தினா எஞ்சின் பலமாகுதா: 200 ஆட்டம் போதுமா?

சிப்பாய்64:
ஸ்டாக்ஃபிஷ் செஸ் எஞ்சினுக்கு, எஞ்சின்களை மோதவிடற க்யூட்செஸ் மென்பொருள் வழியா பாலிகிளாட் புக் (ஆரம்ப நகர்வுகளைத் தயாரா வெச்சிருக்கற கோப்பு) கொடுத்து ஓட்டுறோம். மாத்தினது ஒரே இடம். சிசிலியன் நஜ்டோர்ஃப்ங்கிற தொடக்கத்துல கறுப்போட 5...ஏ6-க்கு அப்புறம் வெள்ளையோட 6.பிஷப் ஜி5-ஐ எடுத்துட்டு 6.எச்3 வெச்சாச்சு. ரெண்டு பக்கமும் அதே எஞ்சின், பழைய புக்குக்கு எதிரா புது புக், ஆட்டத்துக்கு 10 விநாடி, நகர்வுக்கு 0.1 விநாடி கூடுதல். புது புக்குக்கு 46 வெற்றி, 34 தோல்வி, 120 டிரா. 21 எலோ (ஆட்டப் பலத்தோட அளவு) ஏறியிருக்கு. இன்னும் என்ன நிரூபிக்கணும்?

கறுப்புயானை:
அந்த 21-க்குப் பக்கத்துல பிழை எல்லையைக் காணோமே. டிரா 60%-ன்னா ஒரு ஆட்டத்தோட திட்ட விலக்கம் 0.316 புள்ளி. 200 ஆட்டத்துக்கு 95% எல்லை சுமார் ±30 எலோ. நிஜத்துல −9-ஆவும் இருக்கலாம், +51-ஆவும் இருக்கலாம். 1,000 ஆட்டம் ஓட்டினாலும் ±14, 10,000-க்கு ±4. எஸ்பிஆர்டி (முடிவு தெளிவாகற வரைக்கும் ஆட்டம் சேர்த்துப் பார்க்கற புள்ளியியல் சோதனை) போடுங்க: 0-வுக்கு எதிரா 5 எலோ, ரெண்டு வகைத் தவறுக்குமான வாய்ப்பு, அதாவது ஆல்ஃபாவும் பீட்டாவும், 0.05. எல்எல்ஆர் (சான்று எந்தப் பக்கம் சாயுதுன்னு காட்டற எண்) +2.94 தொட்டா வெச்சுக்கலாம், −2.94 தொட்டா தூக்கிப் போடலாம். நல்லா வர்ற நேரம் பார்த்துக் கையால நிறுத்துறது மட்டும் வேண்டாம்.

ஆறாம்கட்டம்:
எஸ்பிஆர்டி இங்க வேலைக்கு ஆகாதுண்ணே. புது புக் வெள்ளையா ஆடுற 100 ஆட்டத்துல 4-ல இந்த நிலை வருதுன்னு வைங்க. மொத்தத்துல அது 2%. அங்க எச்3 உண்மையிலேயே 20 எலோ கூட்டினாலும் முடிவுல தெரியறது 0.4 எலோ. அதைப் பிடிக்கப் பத்து லட்சம் ஆட்டத்துக்கு மேல வேணும். சிப்பாயோட 200-ல எச்3 வந்தது நாலு ஆட்டமா இருந்தா, நாலையும் ஜெயிச்சாக்கூட 12 வெற்றி வித்தியாசம் எப்படி வரும்? பிஜிஎன்-ல (ஆட்டப் பதிவுக் கோப்பு) எண்ணிப் பாருங்க.

கிளையைத் தனியா எடுங்க. ஜி5 நிலையில 2,000 ஆட்டம், எச்3 நிலையில 2,000 ஆட்டம், ரெண்டும் புக் இல்லாம. வெள்ளை எடுக்கற புள்ளிகளோட சதவீதத்தை ஒப்பிட்டா வித்தியாசத்தோட எல்லை சுமார் ±2 சதவீதப் புள்ளி. 20 எலோன்னா கிட்டத்தட்ட 3 புள்ளி, கண்ணுக்குத் தெரியும்.

கறுப்புயானை:
ஒரே நிலையிலிருந்து 2,000-ஆ? ஒரு திரெட் (ஒரே கணிப்பு இழை), நகர்வுக்கு நிலையான நோட் (எஞ்சின் ஆராயற நிலை) எண்ணிக்கைன்னு வெச்சா ஒரே ஆட்டம் 2,000 தடவை வரும். கடிகாரத்தோட விட்டா கொஞ்சம் பிரியும், ஆனா முதல் பல நகர்வுகள் அதே தடத்துலதான். ஆட்டங்கள் ஒண்ணையொண்ணு சாராம இருந்தாத்தான் உங்க ±2 நிக்கும்.

ஆறாம்கட்டம்:
அதுக்கு நிலைகளை விரிக்கணும். மல்டிபிவி 5 (எஞ்சின் சிறந்த அஞ்சு நகர்வைக் காட்டற அமைப்பு) வெச்சு, சிறந்த நகர்வுல இருந்து 30 சென்டிபானுக்குள்ள (சென்டிபான்னா ஒரு சிப்பாய் மதிப்புல நூத்துல ஒண்ணு) வர்ற பதில்களை மட்டும் எடுத்து, இன்னும் மூணு அரைநகர்வு (ஒரு பக்கத்தோட ஒரு நகர்வு) அதே மாதிரி போங்க. ஒவ்வொரு கிளைக்கும் 200 நிலை கொண்ட இபிடி கோப்பு (ஆட்டம் ஆரம்பிக்கற நிலைகளோட பட்டியல்), நிலைக்கு 10 ஆட்டம். பிழை எல்லையை 2,000 ஆட்டத்து மேல போடாம, 200 நிலைகளோட சராசரி மேல போடுங்க.

சிப்பாய்64:
இபிடி-ல இருந்து ஆரம்பிச்சா ரெண்டு கிளைக்கும் முழுக் கடிகாரம் கிடைச்சிடுதே. நிஜப் போட்டியில புக் மிச்சப்படுத்துற நேரமும் புக்கோட பலம்தானே?

கறுப்புயானை:
அதுவே உங்களுக்கு எதிரா திரும்பும். ஜி5 வரிசை 18-வது நகர்வு வரைக்கும் புக்ல ஓடி, எச்3 வரிசை 7-லயே தீர்ந்தா, 10 விநாடி ஆட்டத்துல அது பெரிய இழப்பு. க்யூட்செஸ் பிஜிஎன்-ல புக் நகர்வுகளுக்குத் தனிக் குறிப்பு இருக்கும், எங்க நிக்குதுன்னு பாருங்க. எச்3-க்கும் அதே ஆழத்துக்குத் தொடர்ச்சி சேர்க்காம கடிகாரச் சோதனை ஓட்டினா, நகர்வு மோசமா, நேரம் போச்சான்னு பிரிக்க முடியாது.

ஆறாம்கட்டம் கிட்ட ஒண்ணு. 200 நிலைக்கும் சம எடை கொடுத்தா யாருமே ஆடாத பதிலும் அதிகமா ஆடற பதிலும் ஒரே தட்டுல வந்துடும். போதாததுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாக்ஃபிஷ். அது தப்பா மதிப்பிடற நிலையை ரெண்டு பேருமே தப்பாத்தான் மதிப்பிடுவாங்க. கறுப்புக்கு வேற நாலஞ்சு எஞ்சின் போட்டு, அதுங்க புக்ல வர்ற விகிதத்துல எடை கொடுங்க. புக்கை டியூன் பண்ணப் பயன்படுத்தின எஞ்சின் அதுல இருக்கக் கூடாது.

ஆறாம்கட்டம்:
எடை விஷயம் ஒத்துக்கறேன். வேற எஞ்சினை இப்பவே கொண்டுவந்தா நிலைக்கு 10 ஆட்டம் போதாது, மெஷின் நேரம் நாலஞ்சு மடங்கு ஆகும். கிளைச் சோதனையில தேறின மாற்றங்களை மட்டும் காண்ட்லெட்டுக்கு (ஒரு எஞ்சின் பல எஞ்சின்களோட மோதற சோதனை) அனுப்பலாம்.

கறுப்புயானை:
20 மாற்றத்தை 5% எல்லையில சோதிச்சா, எதுவுமே உதவாட்டியும் சராசரியா ஒண்ணு தேறிடும். அதுக்காகவே தேறினதைப் புது நிலைகள்ல இன்னொரு தடவை ஓட்டணும், பழைய 200-ல இல்ல.