ஜெர்மனியில் செமஸ்டர் டிக்கெட்: எந்த ரயிலில் ஏறலாம், எப்படி அபராதம் விழுகிறது?

புதுமாணவி:
வணக்கம். செமஸ்டர் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, ஆனால் செப்டம்பர் முதல் வாரமே வந்துவிடுவேன். அறை பக்கத்து ஊரில் என்பதால் தினமும் ரயில்தான். மாணவர்களுக்குக் கொடுக்கும் செமஸ்டர் டிக்கெட் எல்லா ரயிலுக்கும் செல்லுமா? செப்டம்பருக்கு என்ன செய்வது? டிக்கெட் வாங்கியவர்களுக்கே அபராதம் விழுகிறதாமே, அது எப்படி?

தண்டவாளம்:
முதலில் உங்கள் பல்கலையில் இருப்பது டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட்தானா என்று பாருங்கள். 2024 கோடை செமஸ்டரில் வந்தது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் சாதாரண டாய்ச்லாண்ட் டிக்கெட் விலையில் சுமார் 60 சதவீதம். செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். எல்லாப் பல்கலையிலும் கிடையாது.

எந்த ரயில் என்பதற்கு, ரயில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆர்இ, ஆர்பி (வட்டார ரயில்கள்), எஸ் (எஸ்-பான், புறநகர் ரயில்) என்றால் இரண்டாம் வகுப்பில் ஏறலாம். யூ-பான் (மெட்ரோ), டிராம், டவுன் பஸ்ஸும் சேர்த்தி. ஐசிஇ, ஐசி, இசி, ஃபிளிக்ஸ்டிரெயின் போன்ற தொலைதூர ரயில்கள் கிடையாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் ஆப்பில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் வண்டிகளை மட்டும் காட்டச் சொல்லலாம். அதிலேயே வண்டி மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தையும் கூட்டிவையுங்கள். ஆப் காட்டும் 5 நிமிட இணைப்பு, முதல் வண்டி கொஞ்சம் தாமதமானாலே போய்விடும். தேர்வு நாளில் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள்.

செப்டம்பருக்குச் சாதாரண டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கலாம், 2026-ல் மாதம் 63 யூரோ. இது மாதச் சந்தா, தானாக முடியாது. செப்டம்பர் 10-க்குள் ரத்து செய்தால்தான் மாதக் கடைசியோடு நிற்கும். 11-ஆம் தேதி ரத்து செய்தால் அக்டோபருக்கும் பணம் போய்விடும். வாங்கிய கையோடு ரத்து செய்யுங்கள், 30-ஆம் தேதி வரை டிக்கெட் செல்லும். பல விற்பனையாளர்கள் வங்கிக் கணக்கு கேட்பார்கள். கணக்கு திறக்காதவர்கள் கடன் அட்டை எடுக்கும் ஆப்பைத் தேட வேண்டும்.

ஜன்னலோரம்:
அபராதக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டில் முத்திரை குத்தினால்தான் அது டிக்கெட். யூ-பான், எஸ்-பான் என்றால் பிளாட்பாரத்திலோ அதன் வாசலிலோ சின்னப் பெட்டி நிற்கும். டிராமிலும் பஸ்ஸிலும் உள்ளேயே இருக்கும். டிக்கெட்டில் அம்பு போட்ட முனையைச் செருகுங்கள். டக்கென்று சத்தம் வந்து தேதி, நேரம் பதியும். பதிந்ததா என்று எடுத்துப் பாருங்கள், சில சமயம் மை மங்கியிருக்கும். நுழைவாயிலில் தடுப்புக் கதவு கிடையாது, அதனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சோதனைக்காரர் மஃப்டியில்கூட வருவார். முத்திரை இல்லாவிட்டால் 60 யூரோ. "தெரியாது" என்பது எடுபடாது.

இன்னொன்று, பிரியும் ரயில்கள். ஒரே வண்டியாகக் கிளம்பி, நடுவில் ஒரு நிலையத்தில் முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். எந்தப் பாதி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரப் பலகையில் ஏ, பி, சி எனப் பகுதி போட்டிருப்பார்கள். ஏறும் முன் பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப்பெயரைப் படியுங்கள்.

கதவு தானாகத் திறக்காது, பொத்தான் விளக்கு எரிந்ததும் அழுத்துங்கள். கிராமத்து ஆர்பி பாதைகளில் சில நிறுத்தங்களில் பஸ் மாதிரி உள்ளே பொத்தானை அழுத்தினால்தான் வண்டியே நிற்கும்.

புதுமாணவி:
மிக்க நன்றி இருவருக்கும். டிக்கெட் போன் ஆப்பில்தானே இருக்கும், சார்ஜ் போய்விட்டால்?

தண்டவாளம்:
அப்போதும் 60 யூரோ சீட்டுதான் எழுதுவார்கள், பதறாதீர்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால், ஒரு வாரத்துக்குள் அந்தச் சீட்டோடு டிக்கெட்டைக் காட்டினால் 7 யூரோவாகக் குறையும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பிலேயே காட்ட வேண்டும். பெயரைச் சரிபார்க்க பாஸ்போர்ட்டோ படம் ஒட்டிய வேறு அட்டையோ கேட்பார்கள், கையில் இருக்கட்டும்.