ஹெட்லெஸ் பேஸ் கிட்டாரில் ஈ தந்தி நழுவுகிறது: உதவி தேவை

மூன்று வாரமாக என் நான்கு தந்தி ஹெட்லெஸ் பேஸில் (தலைப்பகுதி இல்லாமல், உடல் பக்கமுள்ள பிரிட்ஜில் சுருதி சேர்க்கும் வகை) மிகத் தடித்த ஈ (E) தந்தி மட்டும் சுருதியில் நிற்கவில்லை. பத்து நிமிடம் வாசித்தால் அரைச்சுருதி இறங்கிவிடுகிறது. மற்ற மூன்றும் அசையவே இல்லை.

ஸ்கேல் நீளம் (நட்டு முதல் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம்) 34 அங்குலம். தந்திகள் புதிய ரவுண்ட்வவுண்ட் (உள்கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியவை), தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 முதல் 105 வரை. ஒரு முனையில் மட்டும் குண்டு உள்ள சாதாரண வகை. குண்டு பிரிட்ஜில் உட்காருகிறது. மறுமுனையை நட்டுக்கு (கழுத்து முனையில் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட கட்டை) பின்னால் ஒரு ஆலன் திருகு அழுத்திப் பிடிக்கிறது.

கழற்றிப் பார்த்தேன். திருகு பதிந்த இடத்தில் மேல்சுற்று நசுங்கி, உள்கம்பியின் மீது தனியாக வழுக்கியிருக்கிறது.

திருகை மேலும் இறுக்கினேன், பயனில்லை. வேறு தந்தி வாங்கி, வெட்டுவதற்கு முன்பே முனையைச் செங்குத்தாக மடித்தேன். திருகுக்கும் தந்திக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடும் வைத்தேன். இரண்டு நாள் அருமையாக நின்றது, பிறகு பழைய கதைதான். சுருதி சேர்க்கும் பிரிட்ஜ் திருகு இப்போது கடைசி மரை வரை வந்துவிட்டது. இரு முனையிலும் குண்டுள்ள இரட்டைக் குண்டு தந்திக்கு என் பேஸில் இடமில்லை.

மேல்சுற்றை உரித்துவிட்டு உள்கம்பியை மட்டும் கவ்வ வைத்தவர்கள் இருக்கிறீர்களா, தடித்த தந்தியில் அது அறுந்துபோகாமல் தாங்குகிறதா?