குறி நடுவில், ரவை இடப்பக்கம்: குழலில் கோளாறா?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் விளையாட்டுக்காக அண்மையில் பழைய 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழல். இடமிருந்து வலமாகப் பறக்கும் தட்டுகள் தொடர்ந்து தப்பிவிடுகின்றன. எதிர்த்திசையில் போகிறவை ஓரளவு உடைகின்றன. பெரிய தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். 16 கெஜத்தில் ரவைக் கூட்டத்தின் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளின்) மையம் குறிக்கு ஏறத்தாழ 4 அங்குலம் இடப்பக்கம் விழுகிறது. தோட்டாவை மாற்றியும் பயனில்லை. நான் வலது கைக்காரன். குழலை வளைத்து நேராக்கக் கொடுக்கலாமா?

மறுமொழி 1
தயவுசெய்து குழலில் கை வைக்காதீர்கள்! அது கடைசி மருந்து. முதலில் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு குழல்களும் இடப்பக்கம்தான் போடுகின்றனவா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அதன் சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்த, குழல் முனையில் திருகிப் பொருத்தும் குறுகல் குழாய்) மீது ஐயம் கொள்ளலாம். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சோக் முழுதாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு சோக்கைப் போட்டுச் சுடுங்கள். விழும் இடம் மாறினால் கோளாறு சோக்கில்.

மறுமொழி 2
இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: பிழை துப்பாக்கியிலா, அது உங்கள் உடலுக்குப் பொருந்தாததிலா? இரண்டு விதமாகச் சுடுங்கள். முதலில் உட்கார்ந்து, முன்கையை மணல் மூட்டையில் வைத்து (குழலை நேரடியாக மூட்டையில் வைக்கக் கூடாது), குழல் நுனியில் குறி பார்க்க உள்ள சிறு மணி, குழலின் மேல் நீளமாக ஓடும் பட்டியின் நடுவில் நிற்கும்படி நிதானமாகக் குறி பாருங்கள். இது துப்பாக்கியின் சோதனை. அடுத்து எழுந்து நின்று, பறக்கும் தட்டைச் சுடுவதுபோலத் தோளுக்கு ஏற்றிய உடனே சுடுங்கள், மணியைத் தேடாதீர்கள். இது பொருத்தத்தின் சோதனை. ஒவ்வொரு சூட்டுக்கும் புதுத் தாள் வேண்டும். ஒரே சூட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். குறைந்தது 5 தாள்களின் மையங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. சொன்னபடி செய்தேன். உட்கார்ந்து சுட்டால் இரண்டு குழல்களும் நடுவில் போடுகின்றன. நின்று சுட்டால் இரண்டுமே இடப்பக்கம்.

மறுமொழி 2
அப்படியானால் குழல் நன்றாகவே இருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியில் பின்குறி (கண்ணுக்கு அருகில் இருக்கும் குறி பார்க்கும் அமைப்பு) கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண் பட்டிக்கு இடப்பக்கம் விலகினால் ரவையும் இடப்பக்கம் போகும். இடக்கண் ஆதிக்கம் உள்ளவர்களுக்கும், அதாவது குறி பார்க்கும்போது இடக்கண்ணையே மூளை நம்பும் வலது கைக்காரர்களுக்கும், இதே விளைவுதான் வரும். அதனால் முதலில் இரு கண்களையும் திறந்து, தூரத்துப் பொருள் ஒன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மட்டும் மூடுங்கள். விரல் நகராமல் நின்றால் வலக்கண் ஆதிக்கம். அடுத்து, காலித் துப்பாக்கியுடன் கண்ணாடி முன் நின்று, கண்களை மூடித் தோளுக்கு ஏற்றிய பின் திறந்து பாருங்கள். கருவிழி பட்டியின் நேர் மேலே அமர வேண்டும்.

கேட்டவர்
வலக்கண் ஆதிக்கம்தான். ஆனால் கண்ணாடியில் கருவிழி பட்டிக்கு இடப்பக்கம் விலகித் தெரிகிறது. கட்டையில் (தோளில் வைக்கும் மரப்பகுதியில்) கன்னம் படும் இடமும் தடிமனாகவே இருக்கிறது.

மறுமொழி 2
காரணம் அதுதான். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறத்தாழ 1 கெஜம். எனவே கண் 1/16 அங்குலம் விலகினால் 16 கெஜத்தில் 1 அங்குலம் தவறும். உங்கள் 4 அங்குலத்துக்கு 1/4 அங்குலத் திருத்தம் போதும். 40 கெஜத்தில் இதே விலகல் 10 அங்குலமாகிவிடும். தட்டு தப்புவதில் வியப்பில்லை. நீங்களே அரத்தை எடுக்காதீர்கள், செதுக்கிய மரம் திரும்ப வராது. நல்ல துப்பாக்கிக் கம்மியரிடம் இரண்டு விதத் தாள்களையும் காட்டுங்கள். கட்டையைச் சூடேற்றி வலப்பக்கம் வளைப்பதா, கன்னப் பக்கத்தை இழைப்பதா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்வார். திருத்திய பிறகு, நின்று சுடும் சோதனையை மட்டும் மீண்டும் செய்தால் போதும்.