ஆப்டிமிஸ்ட் படகுகளுக்குக் காற்றுப்பைகள் தேவை

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பிள்ளைகளில் பலர் காசிமேட்டு மீனவர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

ஓட்டுவது ஆப்டிமிஸ்ட், 1947இல் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்கென்றே வடிவமைத்தது. உள்ளே மூன்று காற்றுப்பைகள் கட்டியிருக்கும். கவிழ்ந்த படகை நிமிர்த்தினால் உள்ளே தண்ணீர் நிறைந்து நிற்கும். அது மூழ்காமல் இருப்பதும், பிள்ளை வாளியால் இறைத்துவிட்டு மறுபடி கிளம்புவதும் அந்தப் பைகளால்தான். எங்களுடையதில் பல, வால்வு ஓரத்தில் கசிகின்றன. காலையில் ஊதிக் கட்டினால், மதியம் கடற்காற்று ஏறும்போது தொளதொளவென்று கிடக்கின்றன. அந்தப் படகுகளைத் தண்ணீரில் இறக்குவதே இல்லை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

காற்று நிற்கிற பழைய பைகள் இருந்தால் கொடுங்கள். அப்புறம், ஃபைபர் வேலை தெரிந்தவர் அரைநாள் வந்தால் அடிப்பக்க விரிசல்களை அடைத்துவிடலாம். ரெசின் வாங்கி வைத்திருக்கிறோம். மீட்புப் படகு ஓட்டத் தெரிந்த பெண் ஒருவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. நம் சென்னையின் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போய்வந்தவர். சிறுமிகளும் ஆசையோடு வருகிறார்கள்.

முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பைகளை நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.