புக்கிட் சண்டு ஆட்டம்: மூன்றா, நான்கா?

குன்றுக்காவலன் · ஞாயிறு இரவு 10.12

சனிக்கிழமை கிளமெண்டியில் நாங்கள் ஆடிய புக்கிட் சண்டு மேசைப்போர் ஆட்டத்தைப் பற்றி (பொம்மைப் படையும் பகடையும் வைத்து ஆடுவது, நடுவர் நான்தான்) ஜப்பானியத் தரப்பில் ஆடிய பகடை_பாலன் வாட்ஸ்அப்பில் எழுதியதைப் பார்த்தீர்களா? "நான் ஆட்களை மூன்று வரிசையாகத்தான் நடத்தினேன். நடுவருக்கு எண்ணத் தெரியாது. ஆகவே என் தோல்வி செல்லாது." கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. (அதைச் சரியாக எண்ணிவிட்டேன், கவனியுங்கள்.) அங்கே பதில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் தொலைந்துபோகும். அதனால் இங்கே.

வராதவர்களுக்குச் சுருக்கமாக: 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் சரணடைவதற்கு முதல் நாள். பாசிர் பாஞ்சாங் குன்றுத்தொடரின் கடைசியில் இருக்கும் புக்கிட் சண்டு குன்றில் மலாய் ரெஜிமெண்டின் சி கம்பெனி. எதிரே ஜப்பானியத் தளபதி முதகுச்சியின் 18-ஆம் டிவிஷன். ஜப்பானியர்கள் பஞ்சாப் படையினரைப் போலத் தலைப்பாகை கட்டி வந்தார்கள், ஆனால் நான்கு வரிசையாக நடந்தார்கள், பிரிட்டிஷ் பக்கத்துப் படையோ மூன்று வரிசையாக நடக்கும், மலாய் ரெஜிமெண்டின் லெப்டினன்ட் அட்னான் அதைக் கண்டுபிடித்துச் சுடச் சொன்னார். இங்கே வளர்ந்த எவருக்கும் தெரிந்த கதை.

என் விதி இதுதான்: மாறுவேடக் குழு நான்கு வரிசையாக வந்தால் தானாக அம்பலம். இல்லாவிட்டால் மலாய் தரப்பு இரண்டு பகடை உருட்ட வேண்டும், 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அம்பலம். பாலன் நான்கு வரிசையாக வந்தார். நான் நேரில் பார்த்தேன். லூவிஸ் இயந்திரத் துப்பாக்கி பேசியது. முடிந்தது கதை.

பகடை_பாலன் · ஞாயிறு இரவு 10.31

மூன்று.

பகடை_பாலன் · ஞாயிறு இரவு 10.33

சரி, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 36 வாய்ப்பில் 9 அல்லது அதற்கு மேல் விழுவது 10 தடவைதான். அதாவது என் ஆட்கள் பிடிபடாமல் மேலே ஏறுவதற்கு 26 வாய்ப்பு இருந்தது. இதைத் தெரிந்துகொண்டும் நான் நான்காக வருவேனா? என்னைத் தோற்றவன் என்று சொல்லுங்கள் அண்ணே, முட்டாள் என்று சொல்லாதீர்கள்.

குன்றுக்காவலன் · ஞாயிறு இரவு 10.50

அதுதானே உங்கள் தப்பு! வரலாறு தெரிந்துகொண்டு வந்து வரலாற்றைத் திருத்தப் பார்க்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஜப்பானிய அதிகாரிக்குத் தெரியாது, மூன்றாக நடக்க வேண்டும் என்று. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? 80 ஆண்டு கழித்து வந்து முதகுச்சியின் காதில் ஓதினீர்களா?

பகடை_பாலன் · ஞாயிறு இரவு 10.54

அப்படியென்றால் போன வருடம் தீவு முழுவதற்குமான ஆட்டத்தில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலாக ஆடிய நீங்கள், படையை எல்லாம் ஏன் வடமேற்கே சரிம்பூனில் கொண்டுபோய்க் குவித்தீர்கள்? பெர்சிவல் வடகிழக்கில்தான் எதிரி இறங்குவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி 8 இரவு வடமேற்கில் இறங்குவார்கள் என்று உங்களுக்கு மட்டும் ஜப்பானியத் தளபதி யாமஷித்தா கடிதம் போட்டாரா?

குன்றுக்காவலன் · ஞாயிறு இரவு 11.02

அது வேறு ஆட்டம். பேச்சை மாற்றாதீர்கள். நான்கு.

உட்லண்ட்ஸ்_வாணி · ஞாயிறு இரவு 11.10

ஒரே ஒரு கேள்வி. "வரிசை" என்று ரெண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? தோளோடு தோளாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதா, ஒருவர் பின் ஒருவர் நிற்பதா? அந்தக் குழுவில் 12 பேர். அவர்கள் நிற்கும் தட்டில் ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் நான்கு. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுமே. பொம்மைகளுக்கு அடியில் காந்தம் வைத்தது நான்தான், அதனால் கேட்கிறேன்.

என்எஸ்_முடித்தவன் · ஞாயிறு இரவு 11.15

அண்ணே, தேசிய சேவையில் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் எங்களை மூன்று மூன்றாகத்தான் நடக்கவிட்டார்கள். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கம். அதனால் அட்னான் கதை நூற்றுக்கு நூறு உண்மை.

பகடை_பாலன் · ஞாயிறு இரவு 11.21

தம்பி, நீங்கள் தெக்கோங்கில் மூன்றாக நடந்ததற்கும் 1942-இல் ஜப்பான்காரன் நான்காக நடந்ததற்கும் என்ன சம்பந்தம்? நான் தினமும் எம்ஆர்டியில் ஒற்றைக்காலில் நிற்கிறேன், அதற்காகக் கொக்கு உண்மை என்று சொல்வீர்களா?

பிரிட்டிஷ் படையே 1937 வரைக்கும் நான்கு நான்காகத்தான் அணிவகுத்தது. அப்புறம்தான் மூன்றாக மாற்றினார்கள். ஐந்தே வருடம். அந்தக் குன்றுத்தொடருக்கு அக்கம்பக்கத்தில் நின்ற 44-ஆம் இந்தியப் பிரிகேடில் மூன்று பஞ்சாப் பட்டாளங்கள். மூன்றும் போர்க்காலத்தில் அவசரமாகத் திரட்டியவை, ஜனவரி கடைசியில்தான் இங்கே வந்து இறங்கின. பாதிப் பேர் பையன்கள். பழைய ஹவில்தார் ஒருவர் பழக்கத்தில் நான்காகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அட்னான் தன் ஆட்களையே சுட்டிருப்பாரா? உங்கள் விதி அதற்கு என்ன சொல்கிறது?

குன்றுக்காவலன் · ஞாயிறு இரவு 11.58

படித்தேன். இருமுறை படித்தேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்து மூன்றாம் முறையும் படித்தேன்.

அட்னான் யார் தெரியுமா? மலாய் ரெஜிமெண்ட் 1933-இல் போர்ட் டிக்சனில் வெறும் 25 பேரை வைத்துச் சோதனையாகத் தொடங்கியது. மலாய்க்காரர்கள் சிப்பாயாகத் தேறுவார்களா என்று பார்க்க. அந்தச் சோதனைக்கு விடை எழுதியது இந்தக் குன்றில்தான். அப்படிப்பட்ட படைக்குத் தன் பக்கத்து ஆள் எப்படி நடப்பான் என்று தெரியாதா?

களத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேசையை ஒழுங்காகப் பார்த்தவர்கள் குறைவு. குன்று மீன் வரும் வெள்ளைப் பெட்டியை அறுத்துச் செய்தது. லாலான் புல்லுக்குத் தேங்காய் நார் மிதியடி. பின்னால் பெரிய கால்வாய். நார்மண்டன் எண்ணெய்க் கிடங்கு எரிந்து, அந்த எண்ணெய் கால்வாயில் தீயாக ஓடியது. அதனால்தான் சி கம்பெனியால் பின்வாங்க முடியவில்லை. அதற்குப் பஞ்சும் ஆரஞ்சு விளக்கும் வைத்தேன். மலாய் தரப்பு அந்த மேசை ஓரத்தைத் தொட்டால் பொம்மை போய்விடும். இதை எல்லாம் ஒருவர்கூடப் பாராட்டவில்லை. 112 பொம்மை, நான்கு மாதம், என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. என் மனைவி இன்னமும் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

இவ்வளவு செய்தவனுக்கு நாலு எண்ணத் தெரியாதாம்.

பகடை_பாலன் · திங்கள் காலை 7.40

112-இல் 12 பேருக்குத் தலை மாற்றி ஒட்டியது வாணி அக்கா. கணக்கு அங்கேயும் இடிக்கிறது.

மீன் பெட்டி என்று இப்போதாவது சொன்னீர்களே. நான் ஜப்பானியக் காலணி நாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்லண்ட்ஸ்_வாணி · திங்கள் காலை 8.05

பெயரைச் சொன்னதற்கு நன்றி பாலா. தலைப்பாகையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருவருமே "பஞ்சாபி என்றால் சீக்கியர்" என்ற நினைப்பில் பொம்மை கேட்டீர்கள். பஞ்சாப் ரெஜிமெண்டில் முஸ்லிம்களும் இருந்தார்கள், அவர்கள் குல்லா வைத்து அதைச் சுற்றிக் கட்டுவது வேறு மாதிரி. நான் ஏழு தலை ஒரு விதமாகவும் ஐந்து தலை இன்னொரு விதமாகவும் செய்தேன். ஒருவராவது கவனித்தீர்களா? ரெண்டு பேரும் மூன்று, நான்கு என்று பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் கேள்வி அப்படியே நிற்கிறது. வரிசை என்றால் எது?

தேக்கா_தாத்தா · திங்கள் காலை 9.30

நான் இந்த ஆட்டமெல்லாம் ஆடுகிறவன் இல்லை. பேரன் காட்டினான், படித்தேன். அந்தக் குன்றில் ஆட்கள் செத்தார்கள் ஐயா. அதே நாள் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் நோயாளிகளையே கொன்றார்கள். மூன்று நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை நிறுத்திவைத்து ஜப்பானியரிடம் கைமாற்றினார்கள். நம்மாட்கள் உடையைப் போட்டு ஏமாற்றியதை நீங்கள் பகடை போட்டு விளையாடுவது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

குன்றுக்காவலன் · திங்கள் காலை 9.52

ஐயா, வணக்கம். மதிப்புடன்தான் ஆடுகிறோம். மருத்துவமனையை எந்த ஆட்டத்திலும் வைக்க மாட்டோம், அது எழுதாத விதி. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் பெப்பிஸ் ரோட்டில் இருக்கிற நினைவகத்துக்குப் போய்விட்டு வந்தோம். பாலன் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் நான்கு என்று தெரிந்திருக்கும்.

பகடை_பாலன் · திங்கள் காலை 9.58

நான் அன்றைக்கு ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில். நாட்டுக்காக. மூன்று மூன்றாக நடந்துகொண்டிருந்தேன்.

என்எஸ்_முடித்தவன் · திங்கள் பகல் 12.44

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சந்தேகம். அந்தப் பெரிய பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து நின்றதாமே, அதை மேசையில் வைக்கவில்லையா?

குன்றுக்காவலன் · திங்கள் பகல் 1.20

மறுபடியும் அந்தக் கதையா! தம்பி, சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகள் கரைப்பக்கம் திரும்பிச் சுட்டன. குறை குண்டில்தான் இருந்தது. பெரும்பாலும் கப்பலின் கவசத்தைத் துளைக்கிற குண்டு, சேற்று மண்ணில் விழுந்தால் புதைந்துவிடும். காலாட்படைக்கு எதிராக அதிகம் பயன்படாது. இதை நான் எத்தனை முறைதான் சொல்வது?

மேசையில் அதை வைக்க முடியாது. 28 மில்லிமீட்டர் பொம்மை என்றால் கிட்டத்தட்ட 56-இல் ஒரு பங்கு அளவு. ஆறடி மேசை என்றால் நிஜத்தில் 100 மீட்டர்தான். சாங்கியை வைக்க வேண்டுமென்றால் மேசை நூற்றுக்கணக்கான மீட்டர் நீண்டு போகும்.

பகடை_பாலன் · திங்கள் பகல் 1.26

நல்லது, அளவுக் கணக்கு நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். நாம் ஆடுகிற போல்ட் ஆக்‌ஷன் ஆட்ட விதிப்படி ரைபிள் 24 அங்குலம் பாயும். உங்கள் கணக்கில் அது 34 மீட்டர். ரைபிள் 34 மீட்டரோடு நின்றுவிடுமாம், அதை ஒப்புக்கொள்கிறீர்கள். மேசை முழுவதும் 100 மீட்டராம், அதையும் ஒப்புக்கொள்கிறீர்கள். நான் மூன்றாக நடந்தேன் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

குன்றுக்காவலன் · திங்கள் பகல் 1.49

தூரத்தைச் சுருக்குவது ஆட்டத்தின் மரபு. எண்ணிக்கையைச் சுருக்குவது களவு.

பழைய கதையையும் சொல்லட்டுமா? பிளாசி ஆட்டம். 1757-இல் மழை பெய்து நவாபின் வெடிமருந்து நனைந்தது, கிளைவின் ஆட்கள் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டார்கள். மழைப் பகடை விழுந்ததும் நவாபாக ஆடிய இதே பாலன் "எங்களிடமும் தார்ப்பாய் இருந்தது" என்றார். எங்கே இருந்தது? மேசைக்கு அடியில் தன் பையை மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார்! அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும் நான்.

பகடை_பாலன் · திங்கள் பகல் 1.55

நவாபின் பீரங்கிப் படையில் ஒருவருக்குக்கூடத் துணி போட்டு மூடத் தோன்றாது என்று விதி எழுதியதும் நீங்கள்தான். எல்லா ஆட்டத்திலும் நீங்கள் நடுவராக இருந்தால் வரலாறு ஒழுங்காக நடக்கிறது. அது எப்படி என்றுதான் புரியவில்லை.

உட்லண்ட்ஸ்_வாணி · திங்கள் மாலை 6.30

வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். பிளாசி, பீரங்கி, மீன் பெட்டி எல்லாம் வந்துவிட்டது. என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

சனிக்கிழமை எடுத்த படம் ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. குன்றுக்காவலன் அண்ணன் மேசையின் நீளப் பக்கத்தில், கால்வாய் ஓரம் நிற்கிறார். பாலன் குறுக்குப் பக்கத்தில். தட்டு சாலை வளைவில் கோணலாக நிற்கிறது. அண்ணன் பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு. பாலன் பக்கத்திலிருந்து மூன்று. பொம்மைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்த இடத்தில் யாரோ தே தாரிக் (தேநீர்) பையை வைத்து மறைத்திருக்கிறார்கள்.

பகடை_பாலன் · திங்கள் மாலை 6.34

பார்த்தீர்களா. மூன்று.

குன்றுக்காவலன் · திங்கள் மாலை 6.35

பார்த்தீர்களா. நான்கு.

என்எஸ்_முடித்தவன் · திங்கள் மாலை 6.41

தே தாரிக் என்னுடையதுதான். மன்னிக்கவும்.

குன்றுக்காவலன் · திங்கள் இரவு 9.15

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். கோணலாக நின்ற தட்டுக்கும் பொறுப்பு அதை நகர்த்தியவருக்குத்தான். நடுவர் நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதுதான் களம். குன்றின் மேலிருந்து அட்னானுக்கு என்ன தெரிந்ததோ அதைத்தான் அவரும் நம்பினார், படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுடவில்லை. நான் நின்றது குன்றின் பக்கம். எனக்கு நான்கு தெரிந்தது.

பகடை_பாலன் · திங்கள் இரவு 9.22

குன்றின் பக்கம் இல்லை, கால்வாய்ப் பக்கம். இப்போதுதான் அக்கா சொன்னார். உங்கள் விதிப்படியே நீங்கள் தீயில் எரிந்துபோயிருக்க வேண்டும்.

தேக்கா_தாத்தா · திங்கள் இரவு 9.40

நான் கேட்டதற்குப் பாதிப் பதில்தான் வந்தது. போகட்டும். அடுத்த ஆட்டம் என்றைக்கு? பேரன் வர வேண்டும் என்கிறான். தனியாக அனுப்ப மாட்டேன், நானும் கூட வருவேன். உட்கார நாற்காலி இருக்குமா?

குன்றுக்காவலன் · திங்கள் இரவு 10.05

கட்டாயம் வாருங்கள் ஐயா. நாற்காலி இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1937-இல் பிரிட்டிஷ் படை மாறியது என்று பாலன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஒரு சிப்பாய்க்குப் போதாதா? என் மகனுக்குப் பேருந்து அட்டையைத் தட்டக் கற்றுக்கொடுக்க ஒரு நாள்தான் ஆனது. ஆகவே 1942-இல் நான்காக வருகிறவன்

குன்றுக்காவலன் · திங்கள் இரவு 10.06

கை பட்டுப் பாதியில் போய்விட்டது. முழுதாக எழுதுகிறேன், பொறுங்கள்.

உட்லண்ட்ஸ்_வாணி · திங்கள் இரவு 10.11

நீங்கள் எழுதுங்கள். அதற்குள் பாலா, அந்த 12 பொம்மையும் தட்டும் உன் பையில்தான் போயிருக்கிறது. சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடு. ஐந்து குல்லாவும் உடையாமல்.

பகடை_பாலன் · திங்கள் இரவு 10.14

பெட்டியைத் திறந்து பார்த்தேன் அக்கா. பதினொன்றுதான் இருக்கிறது.