கிரேக்கப் பெர்ஃபெக்ட் வினைவடிவம் (செயல் முடிந்து அதன் விளைவு இப்போதும் நிற்பதைக் காட்டுவது): புதிய ஏற்பாட்டில் உங்களை இன்னும் விடாத ஓர் இடம் எது?

பதிவு 1

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாவதைப் பற்றிப் பேசியவர், யோவான் 19:30இல் வரும் 'தெதெலெஸ்தாய்' ('முடிந்தது') என்ற பெர்ஃபெக்ட் வடிவம் கடன் தீர்ந்த சீட்டில் எழுதப்படும் சொல் என்றும், 'முழுவதும் செலுத்தப்பட்டது' என்பதே அதன் பொருள் என்றும் அடித்துச் சொல்ல, சபை முழுவதும் ஆமென் என்றது. என் மடியில் கிரேக்கப் புதிய ஏற்பாடு திறந்திருந்தது. இரண்டு வசனம் மேலே, 28இல், அதே வடிவம் ஓரெழுத்தும் மாறாமல் நிற்கிறது. எல்லாம் முடிந்ததென்று இயேசு அறிந்தார் என்கிற அவ்விடத்தில் கடனுக்கு என்ன வேலை?

பதிவு 2

முதல் பதிவருடன் பாதிதான் உடன்படுகிறேன். 'தெதெலெஸ்தாய்' பிறக்கும் 'தெலெயோ' என்னும் வினைக்கு வரி செலுத்துதல் என்ற பொருள் மெய்யாகவே உண்டு. மத்தேயு 17:24, ரோமர் 13:6 ஆகிய இடங்களில் அப்படித்தான் வருகிறது. பிரசங்கியார் அதைத் தவறான இடத்தில் பொருத்தினார், அவ்வளவுதான்.

என்னை விடாத இடம் 1 கொரிந்தியர் 15. வகுப்பில் உரக்க வாசித்துக்கொண்டு வந்தபோது, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், தரிசனமானார் ஆகிய மூன்றும் அயோரிஸ்டாக (நடந்ததை மட்டும் சொல்லும் இறந்தகால வடிவமாக) இருக்க, நடுவே 'எகேகெர்தாய்' ('எழுப்பப்பட்டிருக்கிறார்') மட்டும் பெர்ஃபெக்டாக வந்து என்னை நிறுத்திவிட்டது. அதுவும் 'மூன்றாம் நாளில்' என்று நாள் குறித்த வாக்கியத்தில்! எழுப்பப்பட்டது அந்த ஒரு நாளில். எழுப்பப்பட்டவராக இருப்பதோ பவுல் எழுதும் நாளிலும் தொடர்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'உயிர்த்தெழுந்து' என்று எச்சமாக்கியதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

பதிவு 3

எனக்கு அது, சிலுவையின் மேல்விலாசத்தை மாற்றச் சொன்னவர்களுக்குப் பிலாத்து சொன்ன 'ஹோ கெக்ரபா, கெக்ரபா' (யோவான் 19:22). 'நான் எழுதினது எழுதினதே' என்ற தமிழில், பெர்ஃபெக்டின் உறுதியை அந்த ஏகாரம் தாங்கி நிற்பதைக் கண்டு வியந்துபோனேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெர்ஃபெக்டை இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள்; செயல் முடிந்து, அதன் விளைவான நிலை இப்போது நிற்கிறது என்பதே அதன் கரு. 'கெக்ரப்தாய்' என்பதற்கு மத்தேயு 4:4இல் உள்ள 'எழுதியிருக்கிறது' அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எல்லா இடத்திலும் 'இருக்கிறது' சேர்க்க முனைய வேண்டாம். சிலுவையில் 'முடிந்திருக்கிறது' என்றால் வாக்கு தளர்ந்துவிடும், 'முடிந்தது' என்பதே தகும். வடிவத்தை அடையாளம் காண முதலெழுத்தின் இரட்டிப்பைப் பாருங்கள்: தெ-தெலெஸ்-தாய். இரட்டிக்கும் அசையில் எகரம் வர வேண்டும். 'திதோமி' ('கொடுக்கிறேன்') போல இகரம் வந்தால் அது நிகழ்கால அடி. உயிரெழுத்தில் தொடங்கும் வினைகள் பெரும்பாலும் அவ்வுயிரை நீட்டிக்கொள்ளும். 'எகேகெர்தாய்' போன்ற சிலவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.